பில்ட் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றால்: பிழை நிரலிலா, கணினியிலா?

"நேற்று ஓடின புரொஜெக்ட் இண்டைக்கு பில்ட் ஆகுதில்லை. திரும்ப ஓட விட்டால் வேற எரர் வருது." யாழ்ப்பாணத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குக் கிடைக்கும் பதில்களும் பழகியவை. "ஓஎஸ்ஸை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடு" என்பார் ஒருவர். "றாம் காணாது, இன்னொண்டு வாங்கிப் போடு" என்பார் மற்றவர். சில வேளை தற்செயலாக இவை பலன் தந்துவிடுவதால், அந்த நம்பிக்கை அப்படியே நிலைத்துவிடுகிறது.

இவற்றைவிடக் கூடுதலாகக் கெடுதல் செய்யும் எண்ணம் ஒன்று உண்டு. "படம் ஓடுது, கேம் ஓடுது, பிறகெப்படி கொம்பியூட்டரில பிழை இருக்கும்?" என்பதுதான் அது. இதை நம்பித் தங்கள் நிரலில் இல்லாத பிழையை நாட்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காக எழுதிய பிள்ளை தனக்கு இந்தத் துறை சரிவராது என்று மனமுடைந்து போவதும் நடக்கிறது. அந்த எண்ணம் ஏன் தவறு, கணினியின் எந்தப் பாகம் பழுது என்று வீட்டில் இருந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

## பில்ட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

நாம் எழுதும் நிரல் வெறும் எழுத்துக்கள்தான். அதை மூலநிரல் என்கிறோம். கணினியின் செயலி அதை நேரடியாக விளங்கிக்கொள்ளாது. மூலநிரலை வாசித்து, செயலிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கொம்பைலர். ஒரு திட்டத்திலுள்ள நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, ஓடக்கூடிய ஒரு மென்பொருளாக ஆக்கும் முழு வேலைக்கும் பில்ட் என்று பெயர்.

இந்த வேலைக்கு முக்கியமான ஒரு குணம் உண்டு. ஒரே மூலநிரலை, ஒரே கொம்பைலரிடம், ஒரே அமைப்பில் கொடுத்தால் ஒரே முடிவு வரவேண்டும். இருபதாவது கோப்பில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால், எத்தனை தடவை ஓடவிட்டாலும் அதே கோப்பில் அதே வரியில்தான் நிற்கும். எதையும் மாற்றாமல் மூன்று தடவை ஓடவிட்டு, மூன்று தடவையும் வெவ்வேறு கோப்பில் நின்றால், அது நிரலிலுள்ள சாதாரணப் பிழையின் நடத்தை இல்லை.

## ரியூசன் வகுப்புக் கரும்பலகை

ஒரு ரியூசன் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் நீண்ட கணக்கொன்றைக் கரும்பலகையில் செய்கிறார். கொப்பியிலிருந்து எண்களைப் பார்த்துப் பலகையில் எழுதுகிறார், கூட்டுகிறார், அழிக்கிறார், மறுபடி எழுதுகிறார். கணினியில் செயலிதான் ஆசிரியர். றாம் எனப்படும் நினைவகம் கரும்பலகை. நிரந்தரமாக எழுதி வைக்கும் டிஸ்க், கொப்பி.

ஆசிரியர் பயன்படுத்தும் சூத்திரமே பிழையென்றால் விடை எப்போதும் ஒரே மாதிரிப் பிழைக்கும். வகுப்பை மாற்றினாலும், பலகையை மாற்றினாலும் அதே பிழை வரும். இது நிரலின் பிழை. ஆனால் சூத்திரம் சரி, பலகையில்தான் ஓரிடத்தில் வெண்கட்டி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் எழுதும் 8, 3 போலத் தெரியும். இன்றைக்கு அந்த இடத்தில் கணக்கின் நடு வரி விழுந்தால் நடு வரி பிழைக்கும். நாளைக்குக் கடைசி வரி விழுந்தால் கடைசி வரி பிழைக்கும். அங்கே எதுவும் எழுதாத நாளில் விடை சரியாகவே வரும். பழுதான றாம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

## ஒரு பிட் மாறினால்

கணினி எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டு நிலைகளில் வைத்திருக்கிறது. அப்படி ஒரு நிலையைத் தாங்கும் மிகச் சிறிய அலகு பிட். 8 ஜிபி றாமில் 6,871 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றே ஒன்று சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று கிட்ட நின்று பார்ப்போம்.

பல நிரல் மொழிகளில் வரும் 'ரிட்டர்ன்' என்ற சொல் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்குகிறது. கணினிக்குள் அந்த எழுத்து 114 என்ற எண். பிட்டுகளாக எழுதினால் 01110010. வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது பிட் 1 இலிருந்து 0 ஆகிவிட்டால் 01110000 வரும், அதாவது 112. அந்த எண்ணுக்குரிய எழுத்து 'பி'. இப்போது கொம்பைலர் நீங்கள் எழுதவே இல்லாத ஒரு சொல்லைப் பார்க்கிறது. "இப்படியொரு பெயர் எனக்குத் தெரியாது" என்று முறையிடுகிறது. நீங்கள் அந்த வரியைத் திறந்து பார்த்தால் எழுத்து சரியாகவே இருக்கும். எரர் செய்தியில் வரும் சொல்லில் ஒரேயொரு எழுத்து மட்டும் காரணமில்லாமல் மாறியிருந்தால், அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் பழுதுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

எழுத்து மாறுவதைவிட அடிக்கடி நடப்பது முகவரி மாறுவது. கொம்பைலர் தன் தரவுகள் றாமில் எங்கே இருக்கின்றன என்ற முகவரிகளையும் றாமிலேயே குறித்து வைக்கிறது. அந்த முகவரியில் ஒரு பிட் மாறினால், தனக்குச் சொந்தமில்லாத இடத்துக்குப் போய்விடும். இயங்குதளம் (ஓஎஸ்) அதைக் கண்டதும் அந்த மென்பொருளை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இதுதான் செக்மென்டேஷன் ஃபோல்ட். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், இப்படி ஒரு மென்பொருளுக்கு அனுப்பும் அறிவிப்பைச் சிக்னல் என்பார்கள். இதற்குரிய எண் 11. 1990களில் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலைத் தாங்களே கொம்பைல் செய்தவர்களிடையே 'சிக்னல் 11' என்பது பழுதான றாமின் மறுபெயர் போலவே புழங்கியது.

## படம் ஓடுகிறதே, பில்ட் மட்டும் ஏன்?

வீடியோ ஓடும்போது ஒரு பிட் மாறினால் ஒரு காட்சியில் ஒரு புள்ளியின் நிறம் கொஞ்சம் மாறும். கண் அதைப் பிடிக்காது. பிரவுசரில் ஒரு பக்கம் நின்றுபோனால் நாம் இணையத்தைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பத் திறப்போம். பில்ட் அப்படிச் சமாளிக்கக்கூடிய வேலை இல்லை. அதன் ஒவ்வொரு பிட்டும் பொருளுடையது.

அதோடு பில்ட் ஓடும்போது செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் முழு வேலை செய்கின்றன. றாமின் பெரும்பகுதி நிரம்புகிறது, டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் எழுதப்படுகின்றன, வெப்பம் ஏறுகிறது, பவர் சப்ளையிடமிருந்து கூடிய மின் இழுக்கப்படுகிறது. இத்தனையும் ஒன்றாக நடக்கும் வேளை வீட்டுக் கணினியில் வேறு அதிகம் இல்லை.

பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலும் றாம் பிழை வரும். கூகுள் சர்வர்களை வைத்து 2009 இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது றாம் பிழை பதிவாகியிருந்தது. ஆனால் சர்வர்களில் இருப்பது இசிசி வகை றாம். ஒரு பிட் மாறினால் தானே கண்டுபிடித்துத் திருத்தும். நம் வீட்டு லப்டொப்புகளில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரும்பாலும் நிரலின் பிழை ஒரே இடத்தில் நிற்கும், வன்பொருளின் பிழை இடம் மாறும். மற்ற வேலைகள் ஒழுங்காக ஓடுவது வன்பொருள் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

## முதலில் எரர் செய்தியை வடிவாக வாசியுங்கள்

ஸ்க்ரூ ட்ரைவரை எடுப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும். இடம் மாறி நிற்கும் எல்லாப் பில்ட்டும் வன்பொருள் பழுது என்றும் எண்ணிவிடக் கூடாது.

லினக்ஸில் 'கில்ட்' என்றோ சிக்னல் 9 என்றோ வந்தால், பெரும்பாலும் றாம் போதாமல் இயங்குதளமே கொம்பைலரை நிறுத்தியிருக்கிறது. பெரிய சி++ கோப்பு ஒன்றே 1 முதல் 2 ஜிபி வரை கேட்கலாம். 8 ஜிபி றாமில் பன்னிரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் கொம்பைல் செய்யவிட்டால் இடம் காணாமல் போவது இயல்பு. றாம் பழுதில்லை, சிறிதாக இருக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்தாலே போதும். அன்ட்ராய்ட் அப் செய்பவர்களுக்கு வரும் 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்ற செய்தியும் பழுதைக் குறிப்பதில்லை. ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவக அளவை அமைப்பில் கூட்டவேண்டும் என்பதுதான் அதன் பொருள். "றாம் காணாது" என்ற பதில் இந்த இரண்டு இடங்களில் சரி. செக்மென்டேஷன் ஃபோல்ட்டுக்கு அதே பதிலைச் சொல்வதுதான் பிழை. பழுதான றாமுக்குப் பக்கத்தில் புது றாமைச் செருகினால் பழுது உள்ளேயே இருக்கும்.

'இன்டர்னல் கொம்பைலர் எரர்' என்றால் கொம்பைலரே தடுமாறிவிட்டது என்று அர்த்தம். அது கொம்பைலரின் உண்மையான குறையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதே கோப்பில், அதே பதிப்பில், எந்தக் கணினியிலும் வரும். லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியனில் வரும் ஜிசிசி கொம்பைலர் இந்த நிலையில் தானாகவே திரும்ப முயன்று பார்க்கும். இரண்டாம் தடவை பிழை வராவிட்டால், இது வன்பொருள் அல்லது இயங்குதளச் சிக்கலாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதும். பலர் அந்த வரியைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பல வேலைகள் சமகாலத்தில் ஓடும்போது, ஒரு கோப்பு உருவாகும் முன்பே வேறொரு வேலை அதைத் தேடிப் போகலாம். "கோப்பு இல்லை" என்ற செய்தி வரும், சில தடவை வராது. இது பில்ட் ஒழுங்கை எழுதியதிலுள்ள குறை. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்து ஓடவிட்டால் இது முற்றாக மறைந்துவிடும். ஆனால் அப்படி ஓடவிடுவது வெப்பத்தையும் சுமையையும் குறைத்து வன்பொருள் பழுதையும் மறைக்கக்கூடும். ஆகவே அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே மூலநிரலை நண்பரின் கணினியில் பில்ட் செய்து பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. அங்கே பல தடவை எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்தால், சந்தேகம் உங்கள் கணினியின் பக்கம் திரும்பும்.

## ஒரே இடத்தில் நின்றாலும் ஏமாறக்கூடாது

அனுபவமுள்ளவர்களையும் தடுமாற வைக்கும் இடம் இது. டிஸ்க்கிலிருந்து வாசித்த கோப்புகளை இயங்குதளம் றாமில் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை கெதியாகக் கொடுப்பதற்காக. அந்தப் பிரதிக்கு கேஷ் என்று பெயர். கரும்பலகையின் பழுதான இடத்தில் அந்தப் பிரதி விழுந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் அதே பிழையான பிரதிதான் வாசிக்கப்படும். பில்ட் அதே கோப்பில், அதே வரியில் நிற்கும். பார்ப்பவருக்கு இது நிரல் பிழை போலவே தெரியும். கணினியை நிறுத்தி மறுபடி தொடக்கினால் பிழை காணாமல் போய்விடும்.

அதேபோல, கொம்பைலர் பாதியில் உருவாக்கிய ஒரு இடைநிலைக் கோப்பு பழுதாகவே டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கலாம். பில்ட் கருவிகள் மாறாத கோப்புகளைத் திரும்ப கொம்பைல் செய்வதில்லை. எனவே அந்தப் பழுதான கோப்பு இணைக்கும் கட்டத்தில் தொடர்ந்து தொல்லை கொடுக்கும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன் கணினியை மறுபடி தொடக்கி, பழைய பில்ட் கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட வேண்டும். ஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டவுடன் "சரிவந்த" பல கணினிகளில் உண்மையில் நடந்தது இந்த மறு தொடக்கமும் அழிப்பும்தான். பழுது அப்படியே இருந்து சில நாளில் திரும்ப வரும்.

ஆக, தெரிந்துகொண்டவை இவை: நினைவகம் போதாமை, கொம்பைலரின் குறை, பில்ட் ஒழுங்கின் குறை ஆகிய மூன்றையும் முதலில் விலக்கவேண்டும். மறு தொடக்கமும் முழு அழிப்பும் இல்லாமல் செய்த சோதனையை நம்பக்கூடாது. இனி பாகங்களுக்கு வருவோம்.

## றாமைச் சோதிப்பது

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடக்கவேண்டும். விண்டோஸோ லினக்ஸோ அப்போது ஓடாது. அதனால்தான் கிட்டத்தட்ட முழு றாமையும் அதனால் தொட முடிகிறது. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸில், அங்கீகரித்த மென்பொருளிலிருந்து மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் சில வேளை அது தடுக்கும். சோதனை முடியும் வரை நிறுத்தி வைக்கலாம். இந்த மென்பொருள் றாமின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோலத்தை எழுதும், திரும்ப வாசிக்கும், ஒப்பிடும். எழுதியதும் வாசித்ததும் ஒத்துவராவிட்டால், அந்த முகவரியையும் எதிர்பார்த்த மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் சிவப்பில் காட்டும். இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல வேளைகளில் ஒரே ஒரு பிட்தான் வேறுபடும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முழுச் சுற்றுகள் பல முடியவேண்டும். இரவு முழுக்க விடுவது நல்லது. மின்வெட்டு அறிவித்திருக்கும் இரவைத் தவிருங்கள், வீட்டு யூபிஎஸ் இவ்வளவு நேரம் தாங்காது. ஒரு பிழை வந்தாலும் றாம் சோதனையில் தோற்றதாகவே கொள்ளவேண்டும். "ஒண்டுதானே" என்று விடக்கூடிய விடயம் இல்லை.

பிழை வந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் பயோஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது றாமை அதன் பொது நியமத்துக்கு மேலான வேகத்தில் ஓடச் செய்கிறது. டிடிஆர்4 றாமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ற். எக்ஸ்எம்பி அதைப் பல வேளைகளில் 1.35 ஆக்கும். அதை நிறுத்தியபின் பிழை வராவிட்டால் அந்த வேகத்தில் ஓடவேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம், இரண்டு றாம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதியுங்கள். பிழை வந்த றாமை அடுத்த துளையில் செருகிப் பாருங்கள். பிழை றாமோடு கூடப் போனால் றாம் பழுது. எந்த றாமைச் செருகினாலும் ஒரே துளையில் பிழை வந்தால் மதர்போட் பக்கம் பழுது. இந்த இடமாற்றத்துக்குக் காசு செலவில்லை, ஆனால் செய்பவர்கள் குறைவு. பழைய றாமோடு கைமாறி வாங்கிய வேறு வகை றாமைச் சேர்த்துப் போடுவது இங்கே வழமை. தனித்தனியே இரண்டும் சோதனையில் தேறி, சேர்ந்தால் மட்டும் தோற்பதும் உண்டு.

குருநகர், பாசையூர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் றாமின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிப்போகும். மின்னைத் துண்டித்து, உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, மென்மையான அழிறப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டுச் செருகினால் சில பழுதுகள் அத்தோடு தீரும்.

## றாம் தேறிவிட்டது, பில்ட் இன்னும் நிற்கிறது

மெம்டெஸ்ட் தேறினால் எல்லாம் நல்லது என்று நினைப்பதும் ஒரு தவறான எண்ணம். செயலியே பிழை விடலாம். 2017 இல் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் தலைமுறை ரைசன் செயலிகள் சிலவற்றில், லினக்ஸில் பல கோப்புகளை ஒரே நேரத்தில் கொம்பைல் செய்யும்போது செக்மென்டேஷன் ஃபோல்ட் வந்தது. ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு செயலிகளை மாற்றிக்கொடுத்தது. 2024 இல் இன்டலின் 13, 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் செயலிகளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் பழுது வருவது தெரியவந்தது. இன்டல் பயோஸ் வழியாக வரும் திருத்தமொன்றை வெளியிட்டு உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டியது. ஏற்கெனவே பழுதான செயலியை அந்தத் திருத்தம் குணமாக்காது. அந்தத் தலைமுறைச் செயலியை வைத்திருப்பவர்கள் பயோஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் மற்றச் சோதனைகளுக்குப் போகவேண்டும்.

வெப்பத்தைப் பற்றிப் பலரும் கூட்டிச் சொல்கிறார்கள். சூடு ஏறினால் இன்றைய செயலி முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். 100 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டி இன்னும் ஏறினால் கணினியை நிறுத்தும். ஆகவே சூட்டினால் மட்டும் பிழையான விடை தரும் நிலைக்கு அது பெரும்பாலும் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் றாமோ மதர்போட்டோ சூட்டில் தடுமாறும். கோண்டாவில், சுன்னாகம் பக்கம் சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி விசிறிகளில் படையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். விடியற்காலையில் முடியும் பில்ட் மத்தியானத்தில் நின்றால், பெட்டியைத் திறந்து மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது முடிந்தால் தூசியைத் துப்புரவாக்குவதிலிருந்து தொடங்கலாம்.

பவர் சப்ளையின் 12 வோல்ற் இணைப்பு 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் நிற்கவேண்டும். பயோஸ் திரையில் தெரியும் அளவு கணினி சும்மா இருக்கும்போது எடுத்தது. பில்ட்டின் சுமையில் என்ன ஆகிறது என்று அது சொல்லாது. நல்லதென்று தெரிந்த ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் நேரான வழி.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவு உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் அதை வாசிக்கலாம். பழுதானதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் பழுதாகிறது. தரவு போகும் வழியில் மாறியதைக் காட்டும் சிஆர்சி பிழைகள் மட்டும் ஏறினால் பெரும்பாலும் இணைக்கும் கேபிள்தான் காரணம். கேபிளின் விலைக்கு முடியும் பழுதுக்காகப் புது டிஸ்க் வாங்காதீர்கள்.

## பழுதைத் திருத்திய பிறகு

பழுதான றாமோடு ஓடிய நாட்களில் எழுதப்பட்ட எல்லாக் கோப்புகளும் சந்தேகத்துக்குரியவை. பில்ட் கோப்புகளை முழுவதும் அழித்து மறுபடி உருவாக்குங்கள். தரவிறக்கிய நிரல் நூலகங்களையும் அழித்துத் திரும்ப இறக்குங்கள். ஐஎஸ்ஓ போன்ற பெரிய கோப்புகளுக்கு அவற்றை வெளியிட்டவர்கள் தரும் எஸ்எச்ஏ-256 மதிப்போடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற எண்) உங்கள் கோப்பின் மதிப்பை ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு முற்றாக மாறிவிடும். நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் அதிலுள்ள 'எஃப்எஸ்சிகே' கட்டளையை ஓடவிட்டால், சேமித்த ஒவ்வொன்றையும் அது சரிபார்த்துப் பழுதானதைச் சொல்லும். பழுது காட்டினால், சர்வரிலோ நண்பரின் கணினியிலோ உள்ள நல்ல பிரதியிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான காலத்தில் பென் டிரைவுக்கு எடுத்த பிரதிகளை, அதற்கு முந்திய நல்ல பிரதிகளின் மேல் எழுதிவிடாதீர்கள்.